துரை கொடுத்த சுருட்டு

சுருட்டை எப்படி விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "மனசு வச்சேன், விட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்களும் "பெரிய ஆள்தாங்க நீங்க" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெருமையில் என் பங்கு எவ்வளவு என்பது எனக்குத்தான் தெரியும். வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் இதை உள்ளபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் எனக்கு வேலை. கொழுந்தைத் தேயிலைத் தூளாக்குகிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதற்கு முன்னால் மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அடைமழையில் மேட்டு மண் சரிந்து என் வலது முழங்கால் மேல் விழுந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து எழுந்தபோது கால் இருந்தது, ஆனால் மடங்கவில்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் எவன் வேலை செய்ய முடியும்? தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நானும் பெண்டாட்டியும் மூட்டை கட்டாத குறையாக இருந்தோம்.

ஸ்டோரைப் பொறுப்பாக நடத்துகிற டீமேக்கர் என்னைக் கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டார். ரோலரில் கசங்கி வந்த கொழுந்தை ஒரு குளிர்ந்த அறையில் சீமெந்துத் தரை மேல் பரப்பி வைப்பார்கள். பச்சையாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு நிறத்துக்கு வரும். வாசனையும் மாறும். அது பதமாகிற நேரத்தில் அள்ளிக்கொண்டு போய் அடுப்புச் சூட்டில் காய வைக்க வேண்டும். முந்தினால் தூளில் பச்சை வாடை, பிந்தினால் சப்பென்று போய்விடும். ஒரு நாள் விளக்குமாற்றோடு நின்றுகொண்டு, "ஐயா, இது ஆயிருச்சுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டீமேக்கர் முறைத்தார், குனிந்து மோந்தார், "ஆமாண்டா" என்றார். அன்றிலிருந்து அந்த அறையில் "போதும்" என்று சொல்கிற வேலை எனக்கு வந்தது. மழை நாளில் இருட்டாக இருக்கும், நிறம் தெரியாது. மூக்குதான் கண். கால் போன மனுஷனுக்கு மூக்கு சோறு போட்டது.

அந்த மூக்குக்குள்தான் நான் ஒரு நாளைக்கு ஐந்து சுருட்டுப் புகையை விட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டோருக்குள் குடிக்கக் கூடாது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நிற்போம், நானும் அடுப்புக்கு விறகு தள்ளுகிற என் கூட்டாளியும். பாதியில் அணைத்து, மிச்சத்தைக் காது மடலில் செருகிக்கொண்டு உள்ளே வருவேன். சாயந்தரம் லயத்து வீட்டு வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து கடைசியைக் குடித்துவிட்டு, அடித்துண்டை வாசலோரத்தில் வீசுவேன். காலையில் அந்தத் துண்டு அங்கே இருக்காது. என் பெண்டாட்டி பெருக்கித் தள்ளிவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

ஒரு ஐப்பசியில், தோட்டத்தை நிர்வாகம் பண்ணுகிற பெரிய துரை தூளைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்துவிட்டு, புகையிலை வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டார். டீமேக்கர் எங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவன் கையையும் மோந்தார். என் கைக்கு வந்ததும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சுருட்டை விடு, இல்லேன்னா ஸ்டோரை விடு. ரெண்டுல எதுன்னு நாளைக்கி காலையில சொல்லு."

சாயந்தரம் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுல யோசிக்க என்னாங்க இருக்கு? சுருட்டை விடுங்க."

குடத்தை இறக்கி வை என்கிற மாதிரி சொன்னாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் காதில் இருந்த துண்டை எடுத்து அடுப்பில் போட்டேன். அவள் கை ஒரு கணம் அடுப்புப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டது. தீயைத் தள்ளிவிடப் போனாள் என்று நினைத்தேன்.

முதல் மூன்று நாள் என்னைப் பிடித்த சனியனை வெட்கத்தை விட்டுச் சொல்லியாக வேண்டும். காலையில் ஒரு சுருட்டைப் பற்ற வைக்காவிட்டால் எனக்கு வயிறு இளகாது. பதினைந்து வருஷப் பழக்கம். விடியக்காலையில் செம்பை எடுத்துக்கொண்டு போவதும், போன மாதிரியே திரும்பி வருவதுமாக இருந்தேன். லயத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. "என்ன மச்சான், இன்னைக்காவது நல்ல சேதி உண்டா?" என்று விறகுக்காரன், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குக் கேட்கிற மாதிரி கத்துவான். மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல சேதி வந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைக் கலியாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

அதற்கப்புறம் தலைவலி. அப்புறம் வாயெல்லாம் புண். கை மட்டும் தன்பாட்டுக்குக் காது மடலுக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு இறங்கும். எல்லாவற்றையும்விட மோசம் என் கோபம். உலையரிசி கொதிக்கிற சத்தம்கூட என்னை வம்புக்கு இழுப்பதுபோல இருக்கும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை லுணுகலைக் கடைவீதிக்குப் போனேன். சாமான் வாங்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நான் எப்போதும் போகிற கடையில், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரர் என்னைக் கண்டதும், நான் வாயைத் திறக்கும் முன்பே சுருட்டுக் கட்டை எடுத்துப் பலகை மேல் வைத்துவிட்டார். அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"என்ன தம்பி, புதுசாப் பாக்கற மாதிரி பாக்குறீங்க?"

"விட்டுட்டேன் நானா."

கட்டை எடுத்து உள்ளே, கண்ணில் படாத இடத்தில் வைத்தார். ஒரு பொட்டலம் கராம்பு மடித்துக் கையில் கொடுத்தார். "ஆசை வந்தா ஒண்ணைக் கடிச்சிக்கோங்க. அல்லாஹ் ஒங்களுக்கு லேசாக்கி வைப்பான்." வியாபாரி தன் வியாபாரத்தைத் தானே உள்ளே எடுத்து வைத்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது.

ஆனால் கராம்பு எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. திங்கட்கிழமை ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஸ்டோருக்குள் போனேன். டீமேக்கர் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"நேத்து புகையிலை, இன்னைக்கி கராம்பா? நாளைக்கி வாயில மசாலாவையே அரைச்சிட்டு வா! தேயிலை எல்லாத்தையும் இழுக்கும்டா, துப்பு!"

துப்பினேன். வெற்றிலை கூடாது, இஞ்சி கூடாது, ஏலம் கூடாது. வாடை உள்ள எதுவும் வாயில் கூடாது. பின்னே எதைத்தான் கடிப்பது? அவள்தான் வழி கண்டுபிடித்தாள். செடிகளைக் கவ்வாத்து வெட்டின மலையிலிருந்து தேயிலைக் குச்சிகளை ஒடித்து வந்து, தோலை உரித்து, சுருட்டு நீளத்துக்கு நறுக்கி வைத்தாள். "தேயிலைக் குச்சியால தேயிலைக்கு என்ன வாடை வந்துறப் போவுது?" என்றாள். அந்தக் குச்சியைக் கடித்துக்கொண்டு, ஆடு மாதிரி அசைபோட்டுக்கொண்டு திரிந்தேன். விறகுக்காரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அவனையும் சொல்ல வேண்டும். அந்த மழையிலும், கொட்டகையில் நின்று குடிப்பதை விட்டுவிட்டு, காற்று என் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தூரப் போய்க் குடித்துவிட்டு வருவான். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அப்போதுதான் என் மூக்கு திரும்பி வந்தது. அடைத்து வைத்த கதவைத் திறந்துவிட்டதுபோல எல்லா வாசனையும் ஒரேயடியாக உள்ளே நுழைந்தது. ஈரக் கம்பளி, புளித்த மாவு, எரியாத விறகு, பக்கத்து லயத்துக் குழம்பு. ஒரு நாள் சாயந்தரம் எங்கள் காம்பராவுக்குள் நுழைகிறேன், ரத்த வாடை அடிக்கிறது.

"பக்கத்துல கோழி அறுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"அறுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு துண்டு கறிகூட நமக்குக் கொடுக்கவில்லையே என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வாரம் ஆத்திரம்.

அதே வாரம் உப்பும் தீர்ந்துபோயிற்று. மாதக் கடைசி வரைக்கும் வர வேண்டிய உப்பு. "உப்பைச் சோத்துல போடுறியா, ஆத்துல கொட்டுறியா?" என்று லயமே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவள் வழக்கமாக ஒன்றுக்கு இரண்டு பதில் சொல்கிறவள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. என் கோபத்துக்குப் பயந்துவிட்டாள் என்று உள்ளூர எனக்கு ஒரு திருப்தி. அதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

சரி, மூக்குதான் திரும்பிவிட்டதே, இனி ஸ்டோரில் நான்தான் ராஜா என்று இருந்தேன். நடந்தது தலைகீழ். கொழுந்தைப் பரப்பின கொஞ்ச நேரத்திலேயே பழுத்த வாசனை கும்மென்று வந்தது. "போதும்" என்றேன். அள்ளிக் காய வைத்தார்கள். சாயந்தரம் டீமேக்கர் காய்ச்சிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பச்சை வாடை. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பயந்துபோய்ப் பிந்திச் சொன்னேன், தூள் சப்பென்று போயிற்று.

எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. நான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டதே புகை அடைத்த மூக்கை வைத்துக்கொண்டு. வாசனை நன்றாக முற்றி உச்சிக்கு வந்தால்தான் அந்த மூக்குக்கு உறைக்கும், அதுவே பதமாகவும் இருந்தது. இப்போது முளைவிடுகிறபோதே எனக்குத் தெரிந்துவிடுகிறது. எது ஆரம்பம், எது பதம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

டீமேக்கர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சனிக்கிழமை பெரிய துரை குடிச்சிப் பார்ப்பாரு. அதுலயும் இப்படி இருந்துச்சுன்னா ஒன்னய நான் வச்சிக்க முடியாதுப்பா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஸ்டோரில் இடமில்லை என்றால் மலை. மலை என்றால் என் காலுக்குப் பேர் வெட்டுத்தான். பேர் வெட்டினால் காம்பராவையும் காலி பண்ண வேண்டும்.

திங்கட்கிழமை சாயந்தரம் அவளிடம் சொன்னேன், "ஒரே ஒரு சுருட்டு குடிச்சா போதும் புள்ள. பழைய மூக்கு வந்துரும். சனிக்கிழமை வரைக்கும் குடிச்சிட்டு அப்புறம் விட்டுர்றேன்." நியாயமான பேச்சாகத்தான் எனக்குத் தோன்றியது. சுருட்டு ஆசை வக்கீலைவிட நன்றாக வாதாடும்.

நான் ஸ்டோருக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டை அவள் எடுத்துக் கைப்பக்கத்தை மோந்தாள். கொழுந்தை அள்ளிப் பார்த்துப் பார்த்து அந்தக் கைப்பக்கம் கறை பிடித்துக் கிடக்கும்.

"தூள் நல்லா வந்த நாள்ல நீங்க சிரிச்ச மொகமா வருவீங்க. அன்னைக்கி இந்தக் கையில ஒரு வாசம் இருக்கும். தோய்க்கறப்ப எனக்குத் தெரியும். கழுத்துல, பையில எல்லாம் சுருட்டுதான் நாறும். ஆனா கைப்பக்கம் தேயிலைதான். இந்த மூணு நாலு நாளா அந்த வாசம் இல்ல."

ஸ்டோருக்குள் ஒரு நாளும் காலடி வைக்காதவள். என் கோட்டைத் தோய்த்தே பதம் தெரிந்து வைத்திருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம், கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அவள் கூடையோடு வந்தபோது, மூன்று துணித்துண்டில் மூன்று பிடி கொழுந்தை முடிந்துகொண்டு போனேன். ஒன்று எனக்கு வாசனை வந்த உடனே எடுத்தது, ஒன்று கொஞ்சம் பொறுத்து, ஒன்று இன்னும் பொறுத்து. மற்றப் பெண்கள் கூடி நின்று சிரிக்கிறார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் முடிச்சை மோந்தாள். "புல்லு." இரண்டாவதை மோந்தாள். "இதுல ஓரமா இன்னும் பச்சை இருக்கு." மூன்றாவதை மோந்தவுடன் முகம் மலர்ந்துவிட்டது. "இதான். இதான் ஒங்க சிரிச்ச மொகம்."

அந்த மூன்றாவது முடிச்சை வாங்கி நான் எவ்வளவு நேரம் மோந்தேனோ! வாசனை எழும்பினால் மட்டும் போதாது, அதன் ஓரத்தில் இருக்கிற பச்சை முழுக்கக் கழிய வேண்டும். புதன், வியாழன், வெள்ளியும் முடிச்சுக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை நான் முதலில் சொன்னேன், அவள் அப்புறம் சொன்னாள். இரண்டும் ஒன்றாக இருந்தது.

சனிக்கிழமை ஸ்டோரில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்தார்கள். பெரிய துரை ஒவ்வொன்றிலும் கரண்டியை விட்டு உறிஞ்சுவார், வாயில் புரட்டுவார், துப்புவார். நான் கதவோரம் குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசிக் கோப்பைகள்தான் அந்த வாரத்துத் தூள். உறிஞ்சினார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார்.

"இது யார் பார்த்தது?"

டீமேக்கர் தன் பேரைச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் என்னைக் கைகாட்டினார். துரை என்னைக் கூப்பிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்ததில் ஒன்றை எடுத்து நீட்டினார். சீமைச் சுருட்டு! கட்டை விரல் மொத்தம், இடுப்பில் தங்கக் காகிதம்.

நான் டீமேக்கரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். துரை கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். விறகுக்காரன் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான்.

மழைத் தூறலில் லயத்துக்கு நடந்தேன். பாதி வழியில் ஒரு சவுக்கு மரத்தடியில் நின்று அதை மோந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் திறந்த மூக்குக்கு உலகத்தில் அதைவிட நல்ல வாசனை அன்றைக்கு இருக்கவில்லை. மடியில் தீப்பெட்டி வேறு இருந்தது. அப்புறம் மூன்றாவது முடிச்சை மோந்தபோது அவள் முகம் மலர்ந்தது நினைவுக்கு வந்தது. வேகமாக நடந்தேன், அதாவது என் காலுக்கு எது வேகமோ அவ்வளவு.

"இந்தா, துரை குடுத்தாரு. எம் பார்வையில படாத எடத்துல வச்சிரு."

அவள் வாங்கினாள். தூள் நல்லா இருந்ததா என்று கேட்டாள், நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிரட்டையில் தண்ணீர் மொண்டு, சுருட்டைப் படபடவென்று முறித்துப் போட்டுப் பிசைந்தாள்.

"அடிப்பாவி, துரை சுருட்டுடி!"

"அட்டைக்கு எந்தச் சுருட்டா இருந்தா என்னாங்க?"

சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் காலில் பூச ஆரம்பித்தாள். அப்போதுதான் பார்த்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் அட்டைக்கடி. காய்ந்தது, காயாதது, சொறிந்து புண்ணானது. இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று. மழை மாதத்தில் கொழுந்து மலையில் அட்டை புல்லுக்குப் புல் நிற்கும். புகையிலைத் தண்ணீர் பூசிக்கொண்டு போனால் கிட்டே வராது. நான் வாசலில் வீசிய துண்டெல்லாம் அதற்குத்தான் போயிருக்கிறது. நான் விட்ட நாளிலிருந்து அவளுக்குத் துண்டு இல்லை. உப்பைப் பூசிக்கொண்டு போயிருக்கிறாள், மழை அதைக் கழுவிவிட்டிருக்கிறது. பக்கத்தில் யாரும் கோழி அறுக்கவில்லை.

"ஏன் புள்ள சொல்லல? யார்கிட்டயாவது ஒரு துண்டு வாங்கியிருக்கலாம்ல?"

"வாங்கிப் பூசினா வீட்டுல சுருட்டு வாடை அடிக்கும். ஒங்களுக்கு ஆசை வரும். சொல்லியிருந்தா, எனக்காகன்னு ஒரு கட்டு வாங்கியாந்து அதுல ஒண்ணைப் பத்த வச்சிருப்பீங்க."

பத்த வைத்திருப்பேன். சந்தேகமே இல்லை. மூன்று வாரமாக உலகத்திலேயே நான் ஒருவன்தான் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்து, குச்சியைக் கடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நல்ல தூளு வந்த நாள்ல அழுவுறீங்களே" என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் லுணுகலைக்குப் போய் நானா கடையில் ஒரு கட்டுச் சுருட்டு கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"விட்டுட்டேன்னு சொன்னீங்களே தம்பி?"

"விட்டாச்சு நானா. இது வீட்டுல உள்ளவளுக்கு."

"யா அல்லாஹ்! அவங்க குடிக்கிறாங்களா?"

"கால்ல பூசிக்கிறா நானா."

அவள் மலைக்குப் போன காலம் முழுக்க, மழை மாதங்களில் நானே கட்டு வாங்கி வந்தேன். அதில் ஒன்றைக்கூடப் பற்ற வைத்ததில்லை. காலையில் பெரட்டுக்கு முன்னால், மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு குச்சியில் துணியைச் சுற்றி அந்தத் தண்ணீரைத் தொட்டு அவள் காலில் நானே பூசிவிடுவேன். பிறகு சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஸ்டோருக்குப் போவேன். பெண்டாட்டி காலுக்குப் பூசை நடக்குதுடா என்று லயத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் சுருட்டை விடுவதற்கு அந்தக் கால் கொடுத்த ரத்தம் அவர்களுக்குத் தெரியாது.